வாழைக்காய்த் தோல் எங்கே போகிறது?

அம்மா ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள். வாழைக்காய் சீவி முடித்துவிட்டு, தோலை ஒரு தட்டில் குவித்து வைத்துக்கொண்டு சமையலறையில் அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத எங்க போடுறது?"

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீடு 11ஆம் மாடியில் இருக்கிறது. தோலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் குப்பைக் குழாயடிக்குப் போனேன். மூடியை இழுத்துத் திறந்து பையை உள்ளே விட்டேன். அது சுவரில் இடித்துக்கொண்டே இறங்கும் சத்தம் அடங்கும்வரை அம்மா காதுகொடுத்துக் கேட்டார்.

"கீழ போயிடுச்சா? அப்புறம்?"

"லாரி வந்து எடுத்துட்டுப் போகும்மா. எரிச்சிடுவாங்க."

"ஈரத் தோலையா எரிப்பாங்க?" சற்று நேரம் யோசித்தார். "சரி, அந்தச் சாம்பல எந்த வயலுக்குப் போடுறாங்க?"

"வயலுக்கு இல்லம்மா. கடலுக்குள்ள ஒரு தீவு இருக்கு. அங்க கொண்டுபோய்க் கொட்டிடுவாங்க."

"அப்ப அது திரும்பி வராதா?"

நான் இந்த ஊருக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு எழுதுவது என் தொழில். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, போனது எங்கே போனது என்று தேடுவதுதான் நாள் முழுக்க வேலை. அந்தக் கேள்வியை என் வீட்டுக் குப்பையைப் பார்த்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். போய் எட்டு மாதம் ஆகிறது. அவர் கேட்டதைப் பிடித்துக்கொண்டு நான் போய்ப் பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். கொல்லைக் கோடியில் எருக்குழி இருக்கும். சாணம், கூளம், அடுப்புச் சாம்பல், காய்த் தோல், வாசல் கூட்டிய குப்பை எல்லாம் அதற்குள்தான் போகும். கோடையில் வண்டி கட்டி அதை வயலுக்கு அடிப்பார்கள். அறுவடை முடிந்த கையோடு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அப்பா அவர்களிடம் பேசி, நான்கைந்து இரவு எங்கள் வயலில் கிடை போடச் சொல்வார். ஆடுகள் அங்கேயே படுத்துக் கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். அதற்காகக் கீதாரிக்கு நெல்லோ பணமோ கொடுப்போம். 'ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் அது வெறும் பழமொழியாகத்தான் காதில் விழுந்தது. இப்போது புரிகிறது. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் சீக்கிரம் சிதைந்து சத்தை மண்ணில் விட்டுவிடும். மாட்டுச் சாணம் நார் நிறைந்தது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

வேளாண் துறையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். தழையைத் தழைக்கவைப்பது ஒன்று, கதிரில் மணி பிடிக்கவைப்பது இன்னொன்று, சாம்பலில் தங்கியிருப்பது மூன்றாவது. இந்தப் பெயர்களை வைத்தவர் யாராக இருந்தாலும் வயலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

பூமிக்கு வெளியிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருப்பது சூரிய ஒளி ஒன்றுதான். விண்கல் தூசியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பொருள் எதுவும் புதிதாக வருவதில்லை. இங்கே உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலமும் அதே கார்பன், அதே நைட்ரஜன், அதே பாஸ்பரஸ், அதே கந்தகம், அதே நீர். ஓர் உயிர் விட்டதை இன்னோர் உயிர் எடுத்துக்கொள்கிறது. இடையில் அது காற்றிலோ கடலிலோ பாறையிலோ கொஞ்ச காலம் தங்குகிறது. உயிர்ப்புவி வேதிச் சுழற்சி என்று பாடநூலில் பெரிய பெயராக இருக்கும். அம்மாவின் கேள்வியும் அதையேதான் கேட்டது: திரும்பி வருமா?

நீரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் சிங்கப்பூர் சொல்லும் பதில் அருமையானது. காற்றில் ஏறிய நீர் சராசரியாக 9 நாளில் மழையாகவோ பனியாகவோ திரும்பிவிடும். இந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெய்வதைத் தேக்கிவைக்கத்தான் இடம் கிடையாது. அதனால் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை நீர்ப்பிடிப்புப் பகுதியாக்கி, 17 நீர்த்தேக்கங்கள் கட்டியிருக்கிறார்கள். எங்கள் புளோக் கூரையில் விழும் மழைகூட வீணாகக் கடலுக்குப் போவதில்லை. வாய்க்கால் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கழிவறையிலும் குளியலறையிலும் போகும் நீர், ஆழத்தில் தோண்டிய பெரிய சுரங்கக் குழாய் வழியாகச் சாங்கிக்கு ஓடுகிறது. அங்கே சுத்திகரித்து, அதில் ஒரு பகுதியை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று படி கடக்கவைத்துப் புதுநீராக்குகிறார்கள். 2002 தேசிய தின அணிவகுப்பில் பல்லாயிரக்கணக்கானோர் புதுநீர்ப் போத்தலைத் தூக்கிக் குடித்தார்கள். அடுத்த ஆண்டே ஆலைகள் திறந்தன.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். சுளிக்கவில்லை. "ஆத்துத் தண்ணியும் நாலு ஊரு தாண்டித்தானே நமக்கு வருது" என்றார்.

தழைச்சத்தின் கதை வேறு. அதைச் சொல்ல, அம்மா வந்திறங்கிய நாளுக்குப் போக வேண்டும். சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் வந்துகொண்டிருந்தோம். சாலையின் இருபுறமும் குடை விரித்த மாதிரி மரங்கள். அம்மா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு தூங்குமூஞ்சி மரமில்ல?" என்றார். அதேதான். சிங்கப்பூருக்கு 1876இல் வந்த மரம். சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. அந்தி சாய்ந்தாலும் மழை வரும்போதும் இலையை மடித்துக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதை 'புக்குல் லீமா' என்பார்கள். ஐந்து மணி என்று பொருள். எங்கள் ஊரில் இதன் காயை ஆடுகள் விரும்பித் தின்னும்.

இது அவரைக் குடும்பத்து மரம். நாம் மூச்சிழுக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மும்மடிப் பிணைப்பில் இறுக்கிக் கட்டியிருப்பதால், நெல்லும் மாடும் மனிதரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்தவை சில பாக்டீரியாக்கள். அவரைக் குடும்பத்துச் செடிகள் அவற்றுக்கு வேரில் முடிச்சுப் போட்டு வீடு கொடுத்து, சர்க்கரை ஊட்டி, பதிலுக்குத் தழைச்சத்தை வாங்கிக்கொள்கின்றன. தக்கைப்பூண்டையும் கொழுஞ்சியையும் விதைத்து, பூக்கும் பருவத்தில் சேற்றோடு மடக்கி உழுவோமே, அந்தப் பசுந்தாள் உரத்தின் சூட்சுமம் இதுதான். தூங்குமூஞ்சி மரமும் அதே வேலையைச் செய்கிறது. அதன் அடியில் உதிரும் சருகும் சாதாரணச் சருகு இல்லை, சத்துள்ள சருகு. இங்கே அடிக்கடி இடி இடிக்கிறது. ஒவ்வொரு மின்னலும் அந்தக் கட்டைக் கொஞ்சம் அவிழ்த்து மழையோடு மண்ணுக்கு அனுப்புகிறது.

மனிதன் இதைத் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கி 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் ஓடவிட்டார். இன்று உலகம் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் நைட்ரஜனை இப்படிக் காற்றிலிருந்து பிடிக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சாப்பிடுவது இதனால்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அப்பா கடைசிக் காலத்தில் யூரியா மூட்டையைத் தூக்கிவந்து வரப்பில் வைக்கும்போது, அது காற்றிலிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

நைட்ரஜன் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. நாம் கழிப்பதில் இருக்கும் நைட்ரஜனை வேறு சில பாக்டீரியாக்கள் பிரித்துத் திரும்பக் காற்றுக்கே அனுப்பிவிடும். சுத்திகரிப்பு ஆலையில் நடப்பதும் அதுதான். அது வாயுவாகிவிட்டால் எந்த நாட்டு எல்லையும் அதைத் தடுக்காது. சிங்கப்பூரில் ஏறியது மன்னார்குடி அகத்தி மரத்தின் வேரில் இறங்கலாம்.

மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதைத்தான்.

பாஸ்பரஸ் இயற்கையில் வாயுவாகிப் பறப்பதே இல்லை எனலாம். பாறையில் இருக்கும். மழை அதை மெல்லக் கரைக்கும், வேர் எடுத்துக்கொள்ளும், செடியை ஆடு தின்னும், ஆடு செத்தால் எலும்பு மண்ணுக்கு வரும். மண்ணிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல், கடலடியில் சேறு. அந்தச் சேறு பாறையாகி, மறுபடி நிலமாக மேலெழுந்து வரக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். நடுவில் கொஞ்சம் குறுக்குவழி உண்டு. கடற்பறவைகள் மீனைத் தின்றுவிட்டுத் தீவுகளில் எச்சமிடும். சகாராவின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் காட்டில் கொண்டு சேர்க்கிறது. மழை அடித்துக்கொண்டு போகும் மணிச்சத்தை அந்தப் பெருங்காட்டுக்கு ஈடு கட்டுவது ஒரு பாலைவனத்தின் புழுதி. இதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பாஸ்பரஸ் இல்லாமல் ஒரு செல்கூடக் கிடையாது. மரபணு இழையின் முதுகெலும்பே அதுதான். செல் தன் சக்தியைக் கைமாற்றிக்கொள்வதும் அதை வைத்துத்தான். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 700 கிராம் இருக்கும், பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும். மனிதன் அதை முதலில் கண்டுபிடித்ததும் மனிதனிடமிருந்தேதான்: 1669இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட், தங்கம் கிடைக்கும் என்று மூத்திரத்தைக் குடம் குடமாகக் காய்ச்சி வற்றவைத்தார். கிடைத்தது இருட்டில் ஒளிரும் ஒரு பொருள்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அது எனக்கு முன்பு தெரியாது. ஜாவாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. 1888இல் பிரிட்டன் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது, அங்கே பாஸ்பேட் இருக்கிறது என்று தெரிந்ததும். சீன, மலாய்த் தொழிலாளர்களைக் கொண்டுபோய் வெட்டியெடுத்தார்கள். 1900இலிருந்து அந்தத் தீவு சிங்கப்பூர் நிர்வாகத்தோடு இணைந்திருந்தது. 1958இல் அது ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறியபோது, பாஸ்பேட் வருமானத்தை இழப்பதற்கு ஈடாக சிங்கப்பூருக்கு 29 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. பவளப் பாறையின் மேல் படிந்த பறவை எச்சத்துக்கு அவ்வளவு விலை. இன்று உலகம் கண்டறிந்திருக்கும் பாஸ்பேட் பாறையிருப்பில் சுமார் 70 விழுக்காடு மொராக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் டிஏபி உர மூட்டைக்குள் இருப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாறைதான்.

இப்போது ஒரு பாதையை மட்டும் பார்ப்போம். மொராக்கோவில் வெட்டிய பாறை டிஏபி ஆகிறது. டிஏபி காவிரிப் படுகையில் ஒரு வயலில் விழுகிறது. நெல்லாகிறது. பொன்னி அரிசியாகத் தேக்காவில் ஒரு கடைக்கு வந்து, செங்காங்கில் என் தட்டில் சோறாகிறது. இந்த ஊர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. எல்லா நாட்டு மண்ணின் மணிச்சத்தும் கப்பலேறி இங்கே வருகிறது. சாப்பிட்டது போக மிச்சம் எரியுலைக்கு. சாப்பிட்டது கழிவறை வழியாகச் சாங்கிக்கு. அங்கே நீரைப் பிரித்துத் தூய்மையாக்கிவிடுகிறோம். அடியில் தங்கும் கசடு? அதையும் எரிக்கிறோம். பாஸ்பரஸ் எரிந்து புகையாகிப் போகாது, சாம்பலிலேயே நிற்கும். சாம்பல் துவாஸில் படகேறிச் செமக்காவ் தீவுக்குப் போகிறது.

கணக்குக்காரன் என்பதால் ஒரு மதிப்பீடு போட்டுப் பார்த்தேன். ஒருவர் நாளொன்றுக்குக் கழிக்கும் பாஸ்பரஸ் ஏறத்தாழ 1 கிராம். இங்கே இருப்பவர்கள் 60 லட்சம் பேர். ஆக, நாளுக்கு 6 டன். 50 கிலோ டிஏபி மூட்டை ஒன்றில் தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் 10 கிலோ இருக்கும். அப்படியானால் ஒவ்வொரு நாளும் 600 மூட்டைக்கு ஈடானது நம் கழிவறைகள் வழியாகப் போகிறது. ஆண்டுக்கு 2 லட்சம் மூட்டைக்கு மேல். ஒரு மூட்டை டிஏபிக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் வெயிலில் வரிசையில் நின்ற அப்பாவின் மகன் நான். இந்த எண்ணை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

செமக்காவுக்கு ஒருமுறை குழுவாகப் போயிருக்கிறேன். குப்பை மேடு என்று சொன்னால் நம்ப முடியாது, நாற்றமில்லை, ஈயில்லை. 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் கல் அணை போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்து 1999 முதல் சாம்பலை நிரப்பிவருகிறார்கள். கட்டும்போது அழிந்த அலையாத்திச் செடிகளுக்குப் பதில் புதிதாக நட்டு வளர்த்திருக்கிறார்கள். அணையில் கசிவு இருந்தால் அந்தச் செடிகள் வாடிக் காட்டிக்கொடுக்கும். பொறுப்போடு செய்திருக்கும் வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். ஆனால் அந்த அறைகளின் விளிம்பில் நின்றபோது எனக்குக் குப்பை நிறைவது பெரிய கவலையாகத் தெரியவில்லை. உள்ளே போனது வெளியே வர வழி இல்லையே என்பதுதான் உறுத்தியது. சாம்பலில் கன உலோகமும் கலந்திருப்பதால் அப்படியே வயலில் போடவும் முடியாது.

ஆனால் சாம்பலிலிருந்து மணிச்சத்தைப் பிரித்துத் திரும்ப எடுக்க முடியும் என்று வேறு ஊர்களில் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் 2017இல் வந்த விதி, பெரிய கழிவுநீர் ஆலைகள் 2029 முதல் பாஸ்பரஸைத் திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. ஹாம்பர்க்கில், அதே பிராண்ட் மூத்திரம் காய்ச்சிய ஊரில், கழிவுநீர்க் கசட்டின் சாம்பலிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் ஆலை கட்டியிருக்கிறார்கள். அதற்கு முதல் நிபந்தனை, கசட்டுச் சாம்பலை மற்றக் குப்பைச் சாம்பலோடு கலக்காமல் தனியே வைப்பது. கழிவுநீரைக் குடிநீராக்கிய இந்த ஊருக்கு இது எட்டாத வேலை என்று என்னால் நம்ப முடியவில்லை. துவாஸ் நெக்சஸ் வளாகத்தில் உணவுக் கழிவையும் கழிவுநீர்க் கசடையும் சேர்த்துச் செரிக்கவைத்து எரிவாயு எடுக்கும் திட்டம் இருக்கிறது. அதில் கார்பனும் சக்தியும் நமக்குப் பயன்படும். மணிச்சத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

மணிச்சத்து வேண்டாத இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2014இலும் 2015இலும் ஜோகூர் நீரிணையில் நுண்பாசி பெருகி, மீன் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்து மிதந்தது. நிலத்திலிருந்து வழியும் தழைச்சத்தும் மணிச்சத்தும் வெயிலும் தேங்கிய நீரும் சேர்ந்தால் பாசிக்கு அது கிடை போட்ட வயல்தான்.

கார்பனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது புகையாகத்தான் நினைவிருக்கிறது. 2013 ஜூன் 21, நண்பகல், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401. சன்னலைச் சாத்தி, விளிம்பில் ஈரத் துண்டைச் செருகி, சின்னக் குழந்தையாக இருந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர் புளோக் தெரியவில்லை. சுமத்திராவில் எரிந்தது வெறும் மரம் இல்லை. நீர் தேங்கிய காட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும், பிராணவாயு கிடைக்காததால் மக்காமல், சில இடங்களில் 10 மீட்டருக்கு மேல் ஆழமாகக் குவிந்துகிடக்கின்றன. வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் அது காய்ந்த விறகு. 1997இல் இந்தோனேசியாவில் எரிந்ததில் மட்டும் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பன் காற்றில் கலந்தது என்று பின்னர் கணக்கிட்டார்கள். சார்ல்ஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. சுழற்சி நிற்கவில்லை, மெதுவாகச் சுற்ற வேண்டிய பகுதியை நாம் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டோம்.

கந்தகத்துக்கு ஒரு பத்தி போதும். சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு அம்மாவை அழைத்துப் போனோம். நீர் வடிந்த நேரம். மரப்பாலத்தில் நடக்கும்போது சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பாயி, வாங்க போயிடலாம்" என்றாள். அம்மா நின்று ஆழமாக மூச்சிழுத்தார். "முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாடை. உங்க தாத்தா கூடப் படகுல போயிருக்கேன்." காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவுக்குப் பதிலாகக் கடல்நீரின் சல்பேட்டை வைத்து மூச்சு விடுகின்றன, வெளியே வருவது ஹைட்ரஜன் சல்பைடு. அந்த மூச்சு மெதுவானது. அதனால்தான் இலையும் வேரும் முழுக்கச் சிதையாமல் சேற்றில் புதைந்து கார்பன் சேமிப்பாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிறது: லோரோங் ஹாலுஸ். பொங்கோல் பக்கமிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்தால் போதும். வாளிக் கழிவறைகள் இருந்த காலத்தில் வீடு வீடாக அள்ளிய மலத்தைக் கொண்டுவந்து சேர்த்த இடங்களில் கடைசியாக மூடப்பட்டது இங்கே இருந்ததுதான், 1987இல். அதற்கு முன்னால், கம்பம் எனப்படும் கிராமங்கள் இருந்த காலத்தில், சீனத் தோட்டக்காரர்கள் அந்த மலத்தையும் பன்றிச் சாணத்தையும் கீரைப் பாத்திக்குப் போடுவார்கள். நோய் பரப்பியது, நாற்றமடித்தது, அதை ஒழித்தது சரிதான். அதே நேரம், அந்தக் கீரைப் பாத்தியில் மணிச்சத்து திரும்பிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. நோயை ஒழித்தபோது சுழற்சியும் சேர்ந்து அறுந்தது.

அதே லோரோங் ஹாலுஸில் 1999 வரை குப்பையையும் கொட்டிப் புதைத்தார்கள். புதைந்த குப்பைக்குள் இறங்கும் மழை, கறுத்த சாறாகக் கசியும். அதில் அம்மோனியா நிறைய. பக்கத்தில் சிராங்கூன் ஆற்றை நீர்த்தேக்கமாக்க முடிவெடுத்தபோது, அந்தச் சாறு குடிநீரில் கலக்காமல் இருக்க நிலத்தடியில் தடுப்புச் சுவர் இறக்கினார்கள். சாற்றை மேலே இறைத்து, குளங்களிலும் கோரையும் நாணலும் வளர்ந்த படுக்கைகளிலும் விட்டார்கள். 2011இல் அது ஈரநிலப் பூங்காவாகத் திறந்தது. கோரை வேரைச் சுற்றிக் கொஞ்சம் பிராணவாயு கசியும். அங்கே ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு விரற்கடை தள்ளி, காற்றில்லாத சேற்றில், இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பும். எருக்குழியிலும் வயல் சேற்றிலும் நடப்பதே இங்கேயும் நடக்கிறது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் தும்பிகள் கோரை நுனியில் ஆடும். கீழே என்ன புதைந்திருக்கிறது என்று தெரிந்தபிறகு அந்த இடத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

சரி, வாழைக்காய்த் தோலுக்கு வருகிறேன்.

அம்மா கேட்ட அந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஓட்டை போட்டு, நடைபாதையில் வைத்து, சமையலறைக் கழிவையெல்லாம் அதில் போட ஆரம்பித்தேன். அம்மா அப்போது ஜூரோங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார். பத்து நாளில் நாற்றம் தாங்க முடியவில்லை. பழ ஈக்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து வருத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கதவில் ஓர் எச்சரிக்கைத் தாள். அம்மா திரும்பி வந்து, வாளி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார்.

"மூத்திர நெடி அடிக்குது தம்பி. எல்லாம் பச்சையாவே போட்டிருக்க. சருகு எங்க?"

மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு வரை கார்பன் வேண்டும். காய்த் தோலிலும் டீத்தூளிலும் நைட்ரஜன் அதிகம், சருகிலும் வைக்கோலிலும் கார்பன் அதிகம். சருகு இல்லாவிட்டால் மிஞ்சிய நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். அந்த நெடிதான் அம்மாவுக்குத் தெரிந்தது. நொதித்து நீர் கட்டிக் காற்றும் அடைந்துவிட்டால் சுங்கை பூலோ வாடையும் சேர்ந்துவரும். நான் புத்தகத்தில் தேடி எடுத்த விகிதத்தை அம்மா மூக்கால் சொன்னார்.

புளோக்குக்குப் பின்னால் சமூகத் தோட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் மலாய் ஆன்ட்டியிடம் (மக்சிக் என்று கூப்பிடுவோம்) பேசி, ஒரு மூலையில் பெரிய மக்குத் தொட்டி வைக்க இடம் வாங்கினோம். அம்மாவும் மக்சிக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே ஒரு மாதம் சேர்ந்து வேலை செய்தார்கள். தூங்குமூஞ்சிச் சருகைச் சாக்கில் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. ஒரு பங்கு பச்சை, மூன்று பங்கு சருகு, நடுவில் ஒரு கைப்பிடி பழைய மண். இரண்டாம் வாரம் உள்ளே கைவிட்டுப் பார்த்தால் சுட்டது. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் மூச்சு விடும் சூடு அது.

இப்போது எங்கள் தளத்தில் ஆறு வீட்டிலிருந்து டப்பாக்கள் வருகின்றன. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் முட்டை ஓட்டை இடித்து வைக்கிறார். நாங்கள் திருப்புவது அந்த 600 மூட்டைக்கு முன்னால் ஒரு சிட்டிகைகூட இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். பெரிய கணக்கை ஊர்தான் சரிசெய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காணொளியில் பேசும்போது அம்மா முதலில் தொட்டியைத்தான் காட்டச் சொல்வார். கையில் ஒரு பிடி எடுத்துக் காட்டுவேன். கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். "பிடிச்சா பிடியணும், விட்டா உதிரணும்" என்பார். போன வாரம் மக்சிக் தன் பாத்தியில் காய்த்த கத்தரிக்காய் நான்கைக் கொடுத்தார். அம்மா சொன்ன பக்குவத்தில் பிட்லை வைத்தோம். காம்பையெல்லாம் நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் தொட்டியைக் கிளறிவிடும்போது கொண்டுபோக வேண்டும்.